வால்பரேசோ பல்கலைக்கழகம்: ஒரு சிறிய லுத்தரன் வளாகத்தின் படிப்பும் வாழ்வும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்பரேசோ எங்கே இருக்கிறது? அந்தப் பெயர் சிலி நாட்டுத் துறைமுகத்தின் பெயர் அல்லவா?

ஆம், சிலியின் துறைமுக நகரை நினைவில் வைத்துத்தான் இந்த ஊருக்கும் பெயரிட்டார்கள். 1814இல் அந்தத் துறைமுகத்துக்கு அருகே நடந்த கடற்போரில் அமெரிக்கக் கப்பலுக்குத் தலைமை தாங்கிய டேவிட் போர்ட்டரின் பெயர் மாவட்டத்துக்கும், போர் நடந்த இடத்தின் பெயர் அதன் தலைநகருக்கும் கிடைத்தன. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், சிகாகோவிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இந்த ஊர் அமைந்திருக்கிறது. ஊர்க்காரர்களும் மாணவர்களும் பல்கலைக்கழகத்தைச் சுருக்கமாக வால்போ என்றே அழைக்கிறார்கள்.

லுத்தரன் பல்கலைக்கழகம் என்றால் அது திருச்சபைக்குச் சொந்தமானதா?

இல்லை. இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற பல விடைகளுக்கு இதுவே அடிப்படை என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மார்ட்டின் லுத்தரின் சீர்திருத்தத்தில் பிறந்த கிறிஸ்தவ மரபே லுத்தரன் எனப்படுகிறது. அமெரிக்காவின் லுத்தரன் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு திருச்சபை அமைப்பால் நிறுவப்பட்டவை, அல்லது அதன் மேற்பார்வையில் வளர்ந்தவை. வால்பரேசோவை 1925இல் வாங்கியதோ லுத்தரன் பல்கலைக்கழகச் சங்கம் என்ற தனிச் சங்கம். அதன் உறுப்பினர்கள் மிசௌரி சினட் எனப்படும் திருச்சபையைச் சேர்ந்த சாதாரண விசுவாசிகளும் போதகர்களும் ஆவர். சினட் என்ற அமைப்பு நேரடியாக வாங்கவில்லை, இன்றுவரை அதன் உரிமையாளராகவும் இல்லை. மிசௌரி சினட் 1847இல் ஜெர்மன் குடியேறிகள் உருவாக்கிய, கோட்பாட்டில் கண்டிப்பான திருச்சபை. 1988இல் வேறு மூன்று திருச்சபைகள் இணைந்து உருவான அமெரிக்க எவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபை பெண்களைப் போதகர்களாக அபிஷேகம் செய்வது உட்படப் பல விஷயங்களில் அதிலிருந்து மாறுபடுகிறது. வால்பரேசோ இந்த இரண்டோடும் உறவு வைத்திருக்கிறது, இரண்டுக்கும் கட்டுப்பட்டதல்ல.

இதன் விளைவு நடைமுறையில் எல்லா இடத்திலும் தெரியும். ஆளும் குழுவைத் திருச்சபை நியமிப்பதில்லை. அதே காரணத்தால் நிதிப் பற்றாக்குறை வந்தால் கைகொடுக்கக் கடமைப்பட்ட தலைமையகம் என்று எதுவும் இல்லை. சுதந்திரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர் இந்த இரண்டாம் பாதியைச் சொல்ல மறந்துவிடுவதுண்டு.

நிறுவப்பட்ட ஆண்டு 1859 என்கிறார்கள். லுத்தரன்கள் வந்தது 1925இல் என்றால், இடைப்பட்ட காலத்தில் அது யாருடையது?

முதலில் மெதடிஸ்டுகள் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினருடையது. 1859இல் அவர்கள் தொடங்கிய ஆண்கள் பெண்கள் கல்லூரி, அமெரிக்காவில் இருபாலரும் சேர்ந்து படித்த தொடக்ககால நிறுவனங்களுள் ஒன்று. உள்நாட்டுப் போரும் அதன் பின்விளைவுகளும் அதைத் தளரச் செய்ய, 1871இல் கதவடைத்தது. 1873இல் ஹென்றி பேக்கர் பிரௌன் என்ற ஆசிரியர் அதே இடத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். செலவு குறைவு, வறியவர்களுக்கும் கதவு திறந்திருக்கும் என்பதே அவருடைய கொள்கை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் படிக்கும் பெரிய நிறுவனமாக அது வளர்ந்து, ஏழைகளின் ஹார்வர்டு என்று பெயர் வாங்கியது. பல்கலைக்கழகம் என்ற பெயர் 1906இல் வந்தது.

1917இல் பிரௌன் மறைந்தார். முதல் உலகப் போருக்குப் பின் மாணவர் எண்ணிக்கை சரிந்தது, கடன் ஏறியது, 1923 பிப்ரவரியில் பழைய கல்லூரிக் கட்டடம் தீக்கிரையானது. அதே ஆண்டில், அப்போது இண்டியானாவில் பெரும் அரசியல் பலத்தோடு இருந்த கூ கிளக்ஸ் கிளான் இந்தப் பல்கலைக்கழகத்தை வாங்கப்போவதாக அறிவித்தது. வெள்ளையர் அல்லாதோரையும் கத்தோலிக்கரையும் யூதரையும் வெறுத்த அந்த இயக்கத்தின் கையில் ஒரு பல்கலைக்கழகம் போய்ச் சேர இருந்தது. இயக்கத்தின் தேசியத் தலைமை பணம் தர முன்வராததால் பேரம் முறிந்தது. கொள்கை உறுதியால் நிறுவனம் தப்பித்தது என்று எழுத ஆசை வரும். உண்மையில் அதைக் காப்பாற்றியது வராமல் போன பணம். இரண்டு ஆண்டுகள் கழித்து லுத்தரன் சங்கத்தார் வாங்கினார்கள்.

அங்கே படிக்க லுத்தரனாக இருக்க வேண்டுமா? கிறிஸ்தவராகவாவது இருக்க வேண்டுமா?

இரண்டும் தேவையில்லை. சேர்க்கைக்கு மதம் ஒரு தகுதி அல்ல. மாணவர்களில் லுத்தரன்கள் சிறுபான்மையினரே. கத்தோலிக்கர்கள் கணிசமானோர், அவர்களுக்கென வளாகத்தை ஒட்டி அவிலாவின் புனித தெரேசா பெயரில் ஒரு மாணவர் மையம் இயங்குகிறது. பிற மதத்தினரும் மதம் சாராதவர்களும் படிக்கிறார்கள்.

ஆலய வழிபாட்டுக்குப் போவது கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஆனால் அதற்கான நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வார நாள்களில் காலை வகுப்புகளுக்கு நடுவே ஒரு சிறு இடைவெளியை விட்டு, அந்த நேரத்தில் காலை ஜெபம் நடத்துவது இங்கே நெடுநாள் வழக்கம். அந்த நேரத்தில் ஆலயத்துக்குப் போகலாம், காபி குடிக்கலாம், அடுத்த வகுப்புக்கான கட்டுரையை அவசரமாக முடிக்கலாம். யாரும் வருகைப் பதிவேடு வைத்திருப்பதில்லை. புதன்கிழமை இரவு பத்து மணிக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடக்கும் எளிய வழிபாட்டுக்கு, ஞாயிறு ஆராதனைப் பக்கமே எட்டிப் பார்க்காத மாணவர்களும் வருவதுண்டு.

கட்டாயப்படுத்தாமல் இடம் மட்டும் விடுவது என்ற இந்த முறையே வால்பரேசோவின் லுத்தரன் தன்மைக்குச் சரியான அடையாளம் என்று எனக்குத் தோன்றுகிறது. விசுவாசம் கிருபையால் வருவது, கட்டளையால் விளைவது அல்ல என்று போதிக்கும் மரபு, வழிபாட்டுக்கு வராதவரிடம் அபராதம் வசூலித்தால் தன் போதனையைத் தானே மறுத்ததாகும். தமிழ்நாட்டின் கிறிஸ்தவ விடுதிகளில் காலை ஜெபத்துக்கு மணி அடித்து எழுப்பப்பட்டு வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

அந்த ஆலயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன சிறப்பு?

உயிர்த்தெழுதல் ஆலயம் என்று பெயர். 1956இல் பழைய கலையரங்கம் எரிந்துபோன பின் எழுப்பப்பட்டு, 1959இல் அர்ப்பணிக்கப்பட்டது. சிகாகோ பகுதியைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டேட் வடிவமைத்தார். அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் உள்ள மிகப் பெரிய ஆலயங்களுள் ஒன்று. வளாகத்தின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் அதன் மணிக்கூண்டு கண்ணில் படும். பீடத்தைச் சுற்றி உயர்ந்து நிற்கும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும், ஆயிரக்கணக்கான குழல்களைக் கொண்ட ரெடல் நினைவு ஆர்கனும் அதன் பெருமைகள். புகழ்பெற்ற ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் ஒரு லுத்தரன் ஆலய இசைஞர் என்பதை இங்கே மறப்பதில்லை. அவருடைய ஆராதனை இசையை ஆய்ந்து நிகழ்த்துவதற்காகவே ஒரு பாக் கழகம் இந்தப் பல்கலைக்கழகத்தில் உண்டு. வழிபாட்டு இயல் குறித்து 1949 முதல் இங்கே நடந்துவரும் ஆண்டுக் கூட்டத்துக்குப் பல திருச்சபைகளின் போதகர்களும் இசைஞர்களும் வந்து கூடுகிறார்கள்.

பல்கலைக்கழகத்தின் இலத்தீன் குறிக்கோள் வாசகம் 36ஆம் சங்கீதத்திலிருந்து எடுக்கப்பட்டது. நம் வேதாகமத்தில் அது "உம்முடைய வெளிச்சத்திலே வெளிச்சம் காண்கிறோம்" என்று இருக்கிறது. வண்ணக் கண்ணாடி வழியே காலை வெயில் விழும் அந்தக் கட்டடத்தில் இந்த வாசகத்துக்கு விளக்கவுரை வேண்டியிருக்காது.

தேர்வு அறையில் கண்காணிப்பாளர் இருக்கமாட்டார் என்பது உண்மையா?

உண்மை. 1943இல் மாணவர்களே முன்னெடுத்துக் கொண்டுவந்த நேர்மை நெறிமுறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆசிரியர் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு அறையைவிட்டு வெளியேறிவிடலாம். அனுமதிக்கப்படாத எந்த உதவியையும் தான் கொடுக்கவில்லை, பெறவில்லை, மற்றவர் பயன்படுத்துவதைக் கண்டும் பொறுத்துக்கொள்ளவில்லை என்று பொருள்படும் உறுதிமொழியை மாணவர் தம் தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மீறல் புகார்களை விசாரிப்பது மாணவர்களைக் கொண்ட நேர்மைக் குழு.

அந்த உறுதிமொழியில் கடினமானது மூன்றாவது பகுதி. நான் காப்பி அடிக்கவில்லை என்று சொல்வது எளிது. பக்கத்து மேசைக்காரர் அடித்ததைப் பார்த்தும் சும்மா இருப்பதே மீறல் என்னும்போது, நட்புக்கும் நேர்மைக்கும் இடையே ஒரு பத்தொன்பது வயது மாணவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பொதுத்தேர்வுகளில் பறக்கும் படை வந்து சோதிப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஏற்பாடு வெகுளித்தனமாகத் தெரியும். மீறல்கள் நடக்காமலில்லை, அவற்றை விசாரிக்க ஒரு குழு இருப்பதே அதற்குச் சான்று. இருந்தும் நம்பிக்கையை விதியாகவும் மீறலை விலக்காகவும் வைத்துக்கொண்டு எண்பது ஆண்டுகளாக ஒரு நிறுவனம் ஓடியிருக்கிறது என்பது சிறிய செய்தி அல்ல. வீட்டில் எழுதும் கட்டுரைகளை இயந்திரமே எழுதித் தரும் இந்தக் காலத்தில் இதே நெறிமுறை எவ்வளவு தாங்கும் என்பதுதான் இனி வரும் சோதனை.

பாடத்திட்டம் எப்படி இருக்கும்? இறையியல் படித்தே ஆக வேண்டுமா?

கலை அறிவியல், வணிகம், பொறியியல், செவிலியம் மற்றும் உடல்நலத் தொழில்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புலங்கள் உண்டு. எந்தப் புலத்தில் சேர்ந்தாலும் முதலாண்டில் பொதுவான ஒரு வாசிப்புப் பாடத்தின் வழியே செல்ல வேண்டும் என்பது இங்கே பழகிவந்த முறை. சிறு குழுவாக அமர்ந்து, இலக்கியமும் தத்துவமும் சமயமும் கலந்த நூல்களைப் படித்து, வாதிட்டு, கட்டுரை எழுத வேண்டும். இறையியலும் பொதுக் கல்வியின் பகுதியாகவே இருந்துவந்திருக்கிறது. அது ஞாயிறு பள்ளிப் பாடம் அல்ல. வேதாகமத்தை வரலாற்று நோக்கில் அலசும் வகுப்பும் பிற சமயங்களை அறிமுகம் செய்யும் வகுப்பும் அதில் அடங்கும். 1940 முதல் 1968 வரை தலைவராக இருந்த ஓ. பி. கிரெட்ஸ்மன், ஆதென்ஸுக்கும் எருசலேமுக்கும் நடுவே, அதாவது பகுத்தறிவுக்கும் விசுவாசத்துக்கும் நடுவே, நிற்கும் பல்கலைக்கழகமாக இதை வளர்க்க விரும்பினார். 1937இல் தொடங்கப்பட்ட கிரெசெட் என்ற இதழும் அந்த நோக்கத்தோடு இலக்கியம், கலை, பொதுவாழ்வு ஆகியவற்றை லுத்தரன் பார்வையில் விவாதித்தது. பின்னாளில் கிறிஸ்தவக் கோட்பாட்டு வரலாற்றில் உலகப் புகழ்பெற்ற யாரொஸ்லாவ் பெலிக்கன் தம் ஆசிரியப் பணியைத் தொடங்கியதும் இங்கேதான்.

கிறைஸ்ட் காலேஜ் என்பது தனிக் கல்லூரியா?

பல்கலைக்கழகத்துக்குள்ளேயே 1967 முதல் இயங்கும் சிறப்புநிலைக் கல்லூரி அது. பொறியியல் மாணவரும் செவிலிய மாணவியும் தத்தம் பட்டப்படிப்போடு சேர்த்தே அதிலும் இருக்கலாம். முதல் பருவம் முழுவதும் அடர்த்தியான வாசிப்பு.

அந்தக் கல்லூரியின் வழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது முதலாண்டு நாடகம். வந்து சில வாரங்களே ஆன, ஒருவரையொருவர் சரியாக அறியாத மாணவர்கள் சேர்ந்து, தாங்கள் படிக்கும் நூல்களின் கருத்துகளிலிருந்து ஓர் இசை நாடகத்தைத் தாங்களே எழுதி, இசையமைத்து, மேடை கட்டி, நடித்துக் காட்ட வேண்டும். பாடத் தெரியாதவர் விளக்குப் பிடிப்பார், கணக்கில் கெட்டிக்காரர் வரவு செலவு பார்ப்பார். நாடகம் நன்றாக அமைகிறதா என்பது இரண்டாம் பட்சம். அதற்குப் பின் வகுப்பில் ஒருவர் கருத்தை மற்றவர் மறுக்கும்போது அது பகையாக மாறுவதில்லை, ஏனெனில் அதற்குள் அவர்கள் ஒன்றாக ஒத்திகையில் சொதப்பியிருக்கிறார்கள்.

தொழிற்படிப்புகள் எப்படி?

பொறியியலுக்கு ஒரு நல்ல கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து, படைவீரர்கள் மாணவர்களாகத் திரும்பிவந்து நெரிசல் மிகுந்த 1940களின் இறுதியில், பொறியியல் துறைக்குக் கட்டடம் இல்லை, கட்டப் பணமும் இல்லை. மாணவர்களே செங்கல் தூக்கித் தங்கள் ஆய்வகக் கட்டடத்தைக் கட்டி முடித்தார்கள். இன்று அதே துறையில் சூரிய ஒளியைக் குவித்து மிக உயர்ந்த வெப்பத்தை உண்டாக்கும் சூரிய உலை ஒன்று இருக்கிறது. இளநிலை மாணவர்கள் கைவைத்து ஆராயும்படி இத்தகைய உலை அமைந்திருப்பது அரிது.

வானிலையியல் இன்னொரு பலம். வளாகத்தில் சொந்தமாக டாப்ளர் ரேடார் வைத்திருக்கிறார்கள். கோடையில் மாணவர்கள் பேராசிரியர்களோடு வேன்களில் ஏறி நடுச் சமவெளி மாநிலங்களில் புயல்களைத் தேடிச் செல்வது பாடத்திட்டத்தின் பகுதி. சட்டப் பள்ளி இப்போது இல்லை: 1879இல் தொடங்கியது, 2017இல் புதிய சேர்க்கையை நிறுத்தி, 2020இல் மூடப்பட்டது. பழைய இணையப் பக்கங்களை நம்பிச் சட்டம் படிக்க விசாரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சேவை, திருப்பணி என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது விளம்பர வாசகமா?

விளம்பரமும் உண்டு, பொருளும் உண்டு. போதகர் மட்டுமே கடவுளால் அழைக்கப்பட்டவர் அல்லர், செருப்புத் தைப்பவரும் பால் கறப்பவரும் தம் வேலையிலேயே அயலாருக்குத் தொண்டு செய்கிறார்கள் என்பது லுத்தரின் போதனை. பட்டப்படிப்பைச் சம்பளத்துக்கான படிக்கட்டாக மட்டும் பார்க்க வேண்டாம் என்று இங்கே மாணவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதன் வேர் அதில்தான் இருக்கிறது. டீக்கனஸ் எனப்படும் திருத்தொண்டுப் பெண்களுக்குப் பயிற்சியளிக்கும் லுத்தரன் சங்கம் 1943இல் இந்த ஊருக்கு இடம்பெயர்ந்தது. மருத்துவமனை, சிறை, முதியோர் இல்லம் என்று பணியாற்றும் அவர்களில் பலர் இந்தப் பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளில் படித்தவர்கள்.

விடுதி வாழ்க்கையும் ஊரும் எப்படி?

சிறிய ஊர், சிறிய வளாகம். பேராசிரியரைக் கடைத்தெருவிலும் பார்க்கலாம், ஆலயத்தில் பக்கத்து இருக்கையிலும் பார்க்கலாம். தொடக்க ஆண்டுகளில் விடுதியில் தங்குவதே வழக்கம். ஆண், பெண் மாணவர் சங்கங்கள், இசைக்குழுக்கள், மாணவர் மன்றம் எல்லாம் உண்டு. 2004இல் திறக்கப்பட்ட கிறிஸ்டபர் மைய நூலகத்தில், அதிகம் கேட்கப்படாத புத்தகங்களை இயந்திரக் கை ஒன்று பெட்டிகளிலிருந்து எடுத்துத் தருகிறது. அலமாரிகளுக்கிடையே அலைந்து, தேடாத புத்தகத்தைக் கண்டெடுக்கும் இன்பம் அதில் இல்லை.

செப்டம்பரில் ஊரே கூடும் சோளப்பொரித் திருவிழா 1979 முதல் நடக்கிறது. பாப்கார்ன் வியாபாரத்தில் பெயர் பெற்ற ஆர்வில் ரெடன்பாக்கரின் நிறுவனம் இந்த ஊரில் இருந்ததால் வந்த விழா அது. வடக்கே சற்றுத் தூரத்தில் மிச்சிகன் ஏரியும் அதன் மணல் மேடுகளும். கோடையில் அந்த ஏரி இன்பம், குளிர்காலத்தில் அதுவே திடீர்ப் பனிப்பொழிவுக்குக் காரணம்.

விளையாட்டு அணியின் பெயரை ஏன் மாற்றினார்கள்?

அணியின் பெயர் இருமுறை மாறியிருக்கிறது. முதலில் ஊலான்கள் என்ற பெயர். அது ஜெர்மானியக் குதிரைப்படையை நினைவூட்டியதால் இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், சிலுவைப் போர்வீரர்கள் என்று பொருள்படும் குருசேடர்கள் என்று மாற்றினார்கள். சிலுவைப் போர்களின் வன்முறையைச் சுமக்கும் அந்தப் பெயரை வெறுப்புக் குழுக்களும் தம் அடையாளமாக்கிக்கொண்ட நிலையில், மாணவர் பேரவையும் ஆசிரியர் பேரவையும் எதிர்ப்புத் தெரிவிக்க, 2021 பிப்ரவரியில் அதைக் கைவிட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் கலங்கரை விளக்கங்கள் என்று பொருள்படும் பீக்கன்ஸ் என்ற பெயரைச் சூட்டினார்கள். முன்னாள் மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு இதில் வருத்தம் உண்டு. முஸ்லிம் மாணவர்களையும் வரவேற்கும் வளாகம் அந்தப் பழைய பெயரை இவ்வளவு காலம் வைத்திருந்ததே எனக்கு வியப்பு.

கூடைப்பந்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு தேதி போதும்: 1998 மார்ச் 13. தேசியப் போட்டியின் முதல் சுற்றில், தரவரிசையில் தங்களைவிட வெகு மேலே இருந்த மிசிசிப்பி பல்கலைக்கழகத்தைக் கடைசி நொடியில் பிரைஸ் டிரூ எறிந்த பந்தால் 70-69 என்று வென்றார்கள். பயிற்சியாளர் அவருடைய தந்தை ஹோமர் டிரூ. ஒவ்வொரு மார்ச் மாதமும் அந்தக் காட்சி அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் மறுபடி ஓடுகிறது.

ஓவியங்களை விற்கப்போவதாக எழுந்த சர்ச்சை என்ன? பல்கலைக்கழகத்தின் நிதி நிலை மோசமா?

2010களின் நடுப்பகுதியில் 4,500 அளவில் இருந்த மாணவர் எண்ணிக்கை, பின்வந்த ஆண்டுகளில் 3,000க்குக் கீழே இறங்கியது. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் கல்லூரி வயதினரின் எண்ணிக்கையே குறைந்துவருவதால் சிறு தனியார் கல்லூரிகள் பலவும் இந்த நெருக்கடியில் இருக்கின்றன. கட்டணத்தை நம்பி வாழும் நிறுவனத்துக்கு ஆள் குறைந்தால் உடனே வலிக்கும்.

இந்தச் சூழலில், முதலாண்டு மாணவர் விடுதிகளைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும் என்று, தன் பிரௌவர் அருங்காட்சியகத்தின் மூன்று முக்கிய ஓவியங்களை விற்கும் திட்டத்தை 2023இல் நிர்வாகம் வெளியிட்டது. ஜார்ஜியா ஓகீஃப், சைல்ட் ஹாசம், ஃபிரெடரிக் சர்ச் ஆகியோர் வரைந்தவை அவை. ஓகீஃபின் செம்மலைகள் ஓவியத்தை 1962இல் 5,700 டாலருக்கு வாங்கியிருந்தார்கள். இப்போது அதன் மதிப்பு கோடி டாலருக்கும் மேல். இவை பெர்சி ஸ்லோன் என்பவர் 1953இல் தம் தந்தையின் நினைவாக அளித்த கொடையோடு தொடர்புடையவை. அந்தக் கொடை கலைக்காகவே தரப்பட்டது, விடுதிக் குளியலறைகளுக்காக அல்ல என்று ஆசிரியர்களும் அருங்காட்சியகத் துறையினரும் எதிர்த்தார்கள். அருங்காட்சியகத்துக்குத் தம் பெயர் சூட்டப்பட்ட அதன் முதல் இயக்குநர் ரிச்சர்ட் பிரௌவரே வழக்குத் தொடுத்தார். நீதிமன்றத்தில் நிர்வாகத்தின் வாதங்களுள் ஒன்று, கொடையாளர் மரபுவழிக் கலையைத்தான் வாங்கச் சொன்னார், ஓகீஃபும் ஹாசமும் மரபை மீறியவர்கள், ஆகவே அந்த வாங்கலே கொடையின் நோக்கத்துக்குப் பொருந்தாது என்பது. சட்டத்தில் அது எடுபடலாம். அறுபது ஆண்டுகள் பெருமையோடு சுவரில் தொங்கவிட்ட படத்தைப் பற்றி அப்படிப் பேசுவது கேட்க நன்றாக இல்லை.

2024இல் இருபதுக்கும் மேற்பட்ட பாடப்பிரிவுகளை நிறுத்தும் முடிவும் அறிவிக்கப்பட்டது. நிர்வாகத்தின் பக்கம் நின்று பார்த்தால், பாழடைந்த விடுதியைக் கண்ட பெற்றோர் பிள்ளையை வேறு கல்லூரிக்கு அழைத்துச் சென்றுவிடுவார்கள் என்பது உண்மை. எதிர்த்தவர்கள் பக்கம் நின்றால், படங்களையும் மொழித்துறைகளையும் இழந்த பின் அந்த விடுதியில் தங்க வருபவர்கள் எதற்காக இந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பார்கள் என்ற கேள்வியும் உண்மை. எனக்கு இரண்டாவது கேள்வியே பெரிதாகப் படுகிறது.

தமிழ்நாட்டு லுத்தரன்களுக்கும் இதற்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை, மூதாதையர் வழித் தொடர்பு உண்டு. தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு வந்திறங்கியதிலிருந்து தொடங்கும் மரபின் வாரிசு, 1919இல் உருவான தமிழ் எவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபை. ஆனால் 1895இல் நெய்தர், மோன் என்ற இரு ஊழியர்கள் ஜெர்மனியின் லைப்ஸிக் மிஷனை விட்டுப் பிரிந்து கிருஷ்ணகிரிப் பகுதியில் தொடங்கிய பணிக்குத் துணைநின்றது அமெரிக்காவின் மிசௌரி சினட். ஆம்பூர், வாணியம்பாடி, நாகர்கோவில் என்று அது பரவியது. ஆம்பூரின் பெதஸ்தா மருத்துவமனையும் கன்கார்டியா என்ற பெயர் தாங்கும் பள்ளிகளும் அதன் வழி வந்தவை. இன்றைய இந்திய எவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபை அந்தப் பணியின் கனி. 1925இல் வால்பரேசோவை விலைக்கு வாங்கிய விசுவாசிகளும் ஆம்பூருக்குக் காணிக்கை அனுப்பிய சபையாரும் ஒரே திருச்சபையைச் சேர்ந்தவர்கள்.

தமிழ் மாணவர் ஒருவர் விண்ணப்பிக்க நினைத்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், அறிவிக்கப்பட்ட கட்டணத்தைப் பார்த்துப் பயந்தோ மயங்கியோ முடிவெடுக்க வேண்டாம். இத்தகைய கல்லூரிகளில் பெரும்பாலான மாணவர்களுக்கு உதவித்தொகை வழியே கணிசமான கழிவு கிடைக்கிறது. உதவித்தொகை போகக் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, அது நான்கு ஆண்டுக்கும் உறுதியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாவதாக, நீங்கள் சேர நினைக்கும் பாடப்பிரிவு நீங்கள் பட்டம் பெறும் வரை நடத்தப்படுமா, நிறுத்தினால் சேர்ந்தவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று துறைத்தலைவரிடமே கேளுங்கள். மேலே சொன்ன காரணங்களால் இது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல.

சிகாகோவுக்கு ஊரிலிருந்தே பேருந்து உண்டு. செஸ்டர்டன் அருகே டியூன் பார்க் நிலையத்திலிருந்து ரயிலும் உண்டு. மெரில்வில்லில் உள்ள பாரதிய கோயில் காரில் போய்வரும் தூரம்தான், ஆனால் கார் வைத்திருக்கும் நண்பர் வேண்டும். சைவ உணவுக்காரர்கள் உணவு விடுதியின் அன்றாடப் பட்டியலைச் சேர்வதற்கு முன்பே கேட்டுப் பார்ப்பது நல்லது. பெரிய பல்கலைக்கழகங்களைப் போல நூற்றுக்கணக்கான தமிழர்கள் அங்கே இருக்கமாட்டார்கள். அது தனிமையாகப் படுமா, நிம்மதியாகப் படுமா என்பது ஆளைப் பொறுத்தது. பெற்றோர் தீர்மானிக்காமல் போகப்போகும் பிள்ளையைக் கேட்க வேண்டிய விஷயம் அது.